முளையிலே தெரிந்ததா?

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கட்டுரையில் இடம் அறிந்து இப்பழமொழியைப் பயன்படுத்தும் மாணவரைப் பாராட்டவும் செய்கிறோம். ஆனால், முளையைப் பார்த்து விளைச்சலைக் கணிக்க முயன்றவர்களின் வரலாறு இப்பழமொழிக்கு எந்த அளவு துணை நிற்கிறது? என் தோட்டத்துக் காற்பந்துத் திடலை முன்வைத்து அதைச் சற்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இது விளையாட்டைப் பற்றிய கட்டுரைதான். எனினும், ஆசிரியரும் பெற்றோரும் நாள்தோறும் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியதும் ஆகும்.

ஒட்டுக்கடை வழக்கு மன்றம்

நான் பிறந்து வளர்ந்தது லூனாஸ் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். காலையில் பெரட்டு, நண்பகல் வரை பால்வெட்டு, பிற்பகலில் சிறிது உறக்கம், மாலை ஐந்து மணிக்குத் திடல். இதுவே ஆண்களின் நாள். இளைஞர்கள் திடலில் ஆடுவார்கள். பெரியவர்கள் ஓரத்தில் குந்தியிருந்து பார்ப்பார்கள். இருட்டிய பிறகு ஆட்டம் ஒட்டுக்கடைப் பலகைக்கு இடம் மாறும். அங்கே பந்து இருக்காது. வாய் மட்டுமே ஆடும்.

சீனி, மண்ணெண்ணெய் வாங்கி வரும்படி அம்மா என்னை அனுப்புவார். நான் வேண்டுமென்றே தாமதித்து அப்பாவின் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

"அந்தப் பொடியனுக்கு இடது கால் பேசுது மாமா. ரெண்டு வருசத்துல கெடா ஜெர்சி போடலேன்னா என் மீசைய எடுத்துடுறேன்."

"கால் பேசினா போதுமா? மூச்சு எங்க? பாதி ஆட்டம் முடியறதுக்குள்ள இடுப்புல கைய வச்சிக்கிட்டு நிக்கிறான்."

"அவங்க அப்பனும் இப்படித்தான்ணே. பதினெட்டு வயசுல புலி மாதிரி ஆடினான். அப்புறம் கள்ளுக்கடையே கதின்னு கிடந்தான்."

ஒருவர் காலைப் பார்த்தார். ஒருவர் மூச்சைப் பார்த்தார். ஒருவர் பரம்பரையைப் பார்த்தார். அங்கே பேசப்பட்டவர்கள் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அல்லர். பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள். எவன் மேலே போவான், எவன் இங்கேயே நின்றுவிடுவான் என்பதே வழக்கு. தீர்ப்பு ஒருபோதும் ஒருமனதாக வந்ததில்லை.

அந்த வாதத்துக்கு அன்று ஒரு பொருள் இருந்தது. கெடா மாநிலக் குழு 1987, 1988, 1989 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்திற்குச் சென்று, மூன்றிலும் கோலாலம்பூரிடம் தோற்றது. 1990இல் சிலாங்கூரை 3-1 என வென்று கிண்ணத்தைக் கைப்பற்றியது. அப்போது எனக்குப் பத்து வயது. தீபாவளி இரு முறை வந்தது போல் இருந்தது தோட்டம். 1993இல் சிங்கப்பூரை 2-0 என வீழ்த்தி மறுபடியும் கிண்ணம் வந்தது. மாநிலமே அண்ணாந்து பார்த்த அந்தக் குழுவில் நம் திடலிலிருந்து ஒருவன் ஆட வேண்டும் என்பது பெரியவர்களின் கனவு.

அது வீண் கனவும் அன்று. 1972 மூனிக் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 3-0 என வென்ற மலேசியக் குழுவில் எம். சந்திரன் இருந்தார். 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற குழுவில் கோல் காத்தவர். அவ்வொலிம்பிக்கை மலேசியா புறக்கணித்ததால் அக்குழு மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1988இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தபோது எங்கள் லயத்தில் பலர் அழுததாக அம்மா சொல்வார். "நம்ம புள்ளையும் போகலாம்" என்று ஒரு தோட்டத் தொழிலாளி நம்புவதற்கு இப்பெயர்களே சான்றாக இருந்தன.

ஏணியும் அதன் படிகளும்

தோட்டத் திடலுக்கும் அலோர் ஸ்டார் அரங்கத்துக்கும் இடையே ஓர் ஏணி இருந்தது. தோட்டக் குழு, பள்ளிக் குழு, மாவட்டப் பள்ளிகளின் போட்டி, மாநிலப் பள்ளிகள் குழு, அதற்கு மேல் மாநில இளையோர் குழு. 1985இல் தொடங்கப்பட்ட பியாலா பிரெசிடென் எனும் இளையோர் போட்டி, மாநிலக் குழுவுக்கு முந்திய படியாக அமைந்தது. ஒவ்வொரு படியிலும் ஒருவர் பார்த்து, "வா" என்று சொல்ல வேண்டும். அழைக்கப்பட்டவன் போய்ச் சேரவும் வேண்டும். ஒட்டுக்கடை வாதம் இந்த இரண்டாவது நிபந்தனையைக் கணக்கில் எடுத்ததே இல்லை.

இடது கால் பேசிய அந்தப் பையனின் கதையைச் சொல்கிறேன். ஒருமுறை தேர்வாட்டத்துக்கு அழைப்பு வந்தது. தோட்டமே கூடி வழியனுப்பியது. நன்றாக ஆடினான் என்றே செய்தி வந்தது. மறு வாரம் இரண்டு நாள் தங்கி ஆடுமாறு மீண்டும் அழைத்தார்கள். அந்த வாரம் அவன் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அம்மாவின் நிரையோடு அப்பாவின் நிரையையும் வெட்ட ஆள் வேண்டும். இரண்டு நாள் பேர் விழாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தில் துண்டு விழும். பேருந்துக் கட்டணமும் கைச்செலவும் தனி. அவன் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டு அனுப்பவும் இல்லை.

ஒட்டுக்கடையில் தீர்ப்பு உடனே வந்தது. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அவனுக்கு மூச்சு பத்தாதுன்னு!" மூச்சைப் பற்றிப் பேசியவர் வழக்கில் வென்றதாகவே எல்லாரும் ஏற்றுக்கொண்டனர். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்து முடித்தார்.

அதே திடலில் எலும்பும் தோலுமாக இன்னொரு பையன் இருந்தான். அவன் பெயரை வாதத்தில் யாரும் எடுத்ததில்லை. இடைநிலைப்பள்ளிக்குப் போகும் வயதில் அவனை மாமா வீட்டில் விட்டார்கள். அது பட்டர்வொர்த்தில், பள்ளிக்கு நடந்தே போகும் தூரத்தில் இருந்தது. அங்கே மாலையில் பயிற்சி கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். பதினேழு வயதில் அவன் மாவட்டக் குழுவில் ஆடினான். மாநிலக் குழுவை அவன் எட்டவில்லை என்றாலும், எங்கள் திடலிலிருந்து ஏணியில் அதிகப் படிகள் ஏறியவன் அவன்தான்.

இருவருள் யாருக்குத் திறமை அதிகம் என்று கேட்டால், இடது காலனுக்கே என்று இன்றும் சொல்வேன். ஏறியவனுக்குக் கிடைத்தவை ஒரு மாமா வீடும் ஓர் ஆசிரியரும்.

கணிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்

ஒட்டுக்கடைக்காரர்கள் படிக்காதவர்கள், அதனால்தான் தவறினார்கள் என்று யாரேனும் நினைக்கலாம். இதே வேலையைச் சம்பளம் வாங்கிச் செய்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அந்நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தில் பெரிய லீக்கின் கீழ்ச் சிறிய லீக்குகள் பல படிகளாக அமைந்துள்ளன. பெரிய குழுக்கள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக் கீழ்ப்படியில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றி மேலே கொண்டுவருகின்றன. 1965 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் குழுக்கள் முறை வைத்து இளைஞர்களைத் தெரிவு செய்கின்றன. எவன் தேறுவான் என்று அங்கும் ரசிகர்கள் ஆண்டு முழுவதும் வாதிடுகிறார்கள். நம் ஒட்டுக்கடை அங்கே நாடளவு பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1966ஆம் ஆண்டுத் தேர்வில் நியூயார்க் மெட்ஸ் குழு முதலாவதாக ஸ்டீவ் சில்காட் என்ற இளைஞரை எடுத்தது. தோள் காயத்தால் வாடிய அவர், பெரிய லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமலே ஓய்ந்தார். அடுத்ததாக எடுக்கப்பட்ட ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன்கள் அடித்து, 1993இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

1988இல் மைக் பியாசா என்பவரை 62ஆவது சுற்றில்தான் எடுத்தார்கள். அவருக்கு முன் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எடுக்கப்பட்டிருந்தனர். அவர் திறமையை நம்பி எடுத்ததாகவும் சொல்ல முடியாது. அவர் தந்தையின் நண்பர் டாமி லசோர்டா அக்குழுவின் மேலாளர். அந்த நட்புக்காக எடுத்தார்கள். அப்படி எடுக்கப்பட்டவர் 2016இல் புகழ் மண்டபத்தில் நுழைந்தார். தந்தைக்கு அப்படியொரு நண்பர் இல்லாதிருந்தால், பியாசாவும் ஏதோ ஓர் ஊரின் 'மூச்சு பத்தாத பையன்' ஆகியிருப்பார்.

இந்தியாவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2008இல் நடந்த பந்தெறியும் போட்டி ஒன்றில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரு இளைஞர்கள் தேர்வாயினர். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் பந்தை அதற்குமுன் தொட்டதே இல்லை. அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழு அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2014இல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' திரைப்படம் இவர்கள் கதைதான், ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார் என்பதால் நம்மில் பலர் பார்த்திருப்போம். படம் வெற்றியோடு முடிகிறது. வாழ்க்கையில் பட்டேல் 2010ஆம் ஆண்டின் இறுதியில் விடுவிக்கப்பட்டார். சிங் 2012 வரை கீழ்ப்படிகளில் ஆடி, பிறகு காயங்களால் முடங்கினார். இருவரும் பெரிய லீக்கை எட்டவில்லை.

அவர்கள் தோற்றார்கள் என்று சொல்லலாம். நான் பார்ப்பது வேறொன்று. பந்தையே அறியாத இருவருக்கு உணவு, தங்குமிடம், பயிற்சியாளர், மருத்துவம் எல்லாம் கொடுத்து, "ஆடிக் காட்டு" என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் இடது காலனுக்கோ இரண்டு நாள் கிடைக்கவில்லை.

பிறந்த மாதம்

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடா நாட்டு உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் பனித்தள ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து வெளியிட்டனர். தேர்வு பெற்றவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்தனர். காரணம் எளியது. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி முதல் நாளைக் கொண்டு கணக்கிடப்பட்டது. ஜனவரியில் பிறந்த சிறுவனும் டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது உயரத்திலும் எடையிலும் பெரிய வேறுபாடு. தேர்வாளர் வளர்ச்சியைப் பார்த்துத் திறமை என்று எண்ணிவிடுகிறார். தேர்வானவனுக்கு நல்ல பயிற்சியும் கூடுதல் ஆட்டங்களும் கிடைக்கின்றன. சில ஆண்டுகளில் அவன் உண்மையிலேயே சிறந்தவனாகிவிடுகிறான். பிறகு, "நான் அன்றே சொன்னேன்" என்கிறோம்.

நம் பள்ளிகளிலும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டே பிரிக்கப்படுகிறது.

திடல்கள் மறைந்த காலம்

ஒட்டுக்கடை வழக்கு மன்றம் எப்போது கலைந்தது? ஒரே நாளில் அன்று. 1990களின் நடுவில் பல அடிகள் அடுத்தடுத்து விழுந்தன.

1994இல் ஆட்ட முடிவுகளைக் காசுக்கு விற்ற ஊழல் வெளியானது. 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டனர். 58 பேர் தற்காலிகத் தடைக்கு உள்ளாயினர். 126 பேர் விசாரிக்கப்பட்டனர். "இதுக்கா புள்ளைய அனுப்பணும்?" என்ற கேள்வி லயங்களில் எழுந்தது. 1996இல் அஸ்ட்ரோ ஒளிபரப்பு வந்தது. மெல்ல மெல்ல, பேச்சு நம் திடலை விட்டு இங்கிலாந்துக் குழுக்களுக்கு நகர்ந்தது. மான்செஸ்டரின் பதினெட்டு வயதுப் பையனைப் பற்றி வாதிட்டவர்களுக்குப் பக்கத்து லயத்துப் பையன் கண்ணில் படவில்லை.

அதே 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவும் திறக்கப்பட்டது. நாடெங்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீடமைப்புக்கும் தொழிலுக்கும் விற்கப்பட்டும் வந்த காலம் அது. எங்கள் மக்களும் லூனாஸ், கூலிம், பாடாங் செராய் பக்கத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தொழிற்சாலை வேலையால் வருமானம் உயர்ந்தது, பிள்ளைகள் படித்தார்கள், நானே அதற்குச் சான்று. அந்த வாழ்வே பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தோட்டம் போனபோது திடலும் போனது. வேலை முறை மாறியதால், மாலை ஐந்து மணிக்கு எல்லா ஆண்களும் ஓரிடத்தில் இருப்பதும் இல்லாமல் போனது. ஏணியின் கீழ்ப்படி ஓசையின்றிக் கழன்று விழுந்தது.

மேல்படிகளில் நல்ல செய்திகள் பின்னரும் வந்தன. கே. ராஜகோபால் பயிற்றுவித்த இளையோர் குழு 2009இல் லாவோஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அடுத்த ஆண்டு அவருடைய இளம் வீரர்கள் ஆசியான் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றனர். "இந்தப் பையன்களால் ஆகாது" என்ற பேச்சு அன்றிரவே எழுந்தது. 2010 டிசம்பர் 29ஆம் நாள், அதே இந்தோனேசியாவை இரு இறுதியாட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கியவர்களும் அதே பையன்கள்தாம். அக்குழுவில் பாஹாவைச் சேர்ந்த எஸ். குணாளனும் இருந்தார். நான்கே வாரத்தில் ஒரு தீர்ப்பு தலைகீழானது.

மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் ஓர் ஏணியைக் கட்ட முயன்றது. அதன் குழு 2017இல் பிரிமியர் லீக்கில் ஆடியது. பின்னர் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் இடம்பெற்று, 2022ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் விலகிக்கொண்டது. மேல்படியைக் கட்டுவது கடினம். அதைக் காப்பது அதனினும் கடினம். கீழ்ப்படி நம் கையில்தான் இருக்கிறது.

என் தீர்ப்பு ஒன்று

இனி என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாவட்டப் போட்டிக்குப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. சிறிய உருவம் கொண்ட ஒரு மாணவனை நீக்கினேன். மறுநாள் அவன் தந்தை தொழிற்சாலைச் சீருடையோடு பள்ளி வாசலில் காத்திருந்தார்.

"டீச்சர், பையன் ராத்திரி பூரா தூங்கல. எதுல குறைஞ்சிட்டான்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவான்."

"உடம்பு பத்தாதுங்க. அடுத்த வருசம் பார்க்கலாம்" என்றேன். அவன் ஆறாம் ஆண்டு மாணவன். அவனுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று நம் பள்ளியில் இல்லை. அது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பார்ன்ஸ்லியின் ஆய்வைப் படித்த பிறகு அந்தப் பழைய பெயர்ப் பட்டியலையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்து வைத்துப் பிறந்த நாள்களைச் சரிபார்த்தேன். நான் தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்டின் முற்பாதியில் பிறந்தவர்கள். நீக்கப்பட்டவன் டிசம்பரில் பிறந்தவன். ஒட்டுக்கடையில் மூச்சைப் பற்றிப் பேசிய அந்தப் பெரியவரின் குரல் என் வாயிலிருந்தே வந்திருக்கிறது. அவனுடைய தங்கை இப்போது என் வகுப்பில் படிக்கிறாள். அண்ணன் பந்து விளையாடுகிறானா என்று ஒருநாள் கேட்டேன். "இல்ல டீச்சர், பூட்ஸைத் தூக்கிப் போட்டுட்டான்" என்றாள்.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கிறேன். அத்தனை ஆண்டு ஒட்டுக்கடை வாதங்களில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. 1990களில் ஜி. சாந்தி குறுந்தூர ஓட்டத்தில் நாட்டுக்குப் பெயர் தேடித் தந்த காலத்திலும், தோட்டத்தில் வேகமாக ஓடிய சிறுமிகளை யாரும் கணிக்கவில்லை. தவறாகக் கணிக்கப்படுவதற்கும் முதலில் ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா?

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, கணிக்காமல் இருக்க நம்மால் இயலாது. குழுவில் இடம் குறைவு. யாரையேனும் நீக்கத்தான் வேண்டும். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்ட பின்னும், "இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்" என்ற பேச்சு ஆசிரியர் அறையில் ஓயவில்லை. ஆயினும் சில சிறிய காரியங்களைச் செய்யலாம். பெயர்ப் பட்டியலில் பெயருக்கு நேரே பிறந்த மாதத்தையும் எழுதுவோம். நீக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இரண்டாம் குழு அமைத்துப் பயிற்சியைத் தொடர்வோம். பிள்ளைகள் குறைந்த பள்ளியாயின் அண்டைப் பள்ளியோடு சேர்ந்து அமைப்போம். அழைத்தும் வராத பிள்ளை இருந்தால், ஏன் வரவில்லை என்று வீட்டுக்கே போய்க் கேட்போம். பேருந்துக் கட்டணமா, அம்மாவின் வேலை நேரமா, கிழிந்த காலணியா என்பது கேட்டால்தான் தெரியும்.

இவ்வாண்டுக் குழுப் பட்டியலில் பிறந்த மாதத்தை எழுதிவிட்டேன். இரண்டாம் குழுவுக்கு இதுவரை ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் சிறுமியர். புதன்கிழமைதோறும் மாலையில் பயிற்சி. அவர்களில் யார் மேலே போவார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.